மஞ்சள் பெட்டியும் இரட்டை மாடும்

வானொலியில் படம் காட்ட இயலாது. படத்தைப் பற்றியே பேசவேண்டிய ஒருவனுக்கு இது பெரிய இடையூறுதான். ஆயினும், நேயர்களுள் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டே தேர்தல் சின்னங்கள் பத்தையாவது சொல்லிவிடுவர் என்ற துணிவினால் பேசத் தொடங்குகிறேன். அரசியல் கட்சிகள் தம்மை மக்களுக்கு அடையாளம் காட்டிக்கொள்ள நிறத்தையும், கொடியையும், சின்னத்தையும் கையாண்ட வரலாறு, சேலம் நாமக்கல் சமவெளியில் எவ்வாறு நடந்தது என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள். எக்கட்சி நல்லது, எக்கட்சி அல்லது என்ற ஆராய்ச்சி இதில் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, பல தேர்தல்களில் வாக்குச் சாவடி அலுவலனாக அமர்ந்து, எந்தக் கட்சியின் பெயரையும் உரக்கச் சொல்லாமல் பழகிவிட்ட நாக்கு என்னுடையது.

ஒரு காலத்தில் தேர்தலுக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. 1920 முதல் சென்னை மாகாணத்தில் நடந்த சட்டசபைத் தேர்தல்களில் வோட்டுரிமை பெற்றவர்கள் சிலரே. நிலம் உடையவர், வரி கட்டுபவர் என்று விரல்விட்டு எண்ணத்தக்க அவர்கள், அபேட்சகரை நேரில் அறிந்தவர்கள். வேட்பாளர் என்று இன்று நாம் சொல்பவரை அக்காலத்தில் அபேட்சகர் என்றே வழங்கினர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். அவருக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று அந்நாளில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். தலைப்பாகையும், பட்டமும், குடிப்பெயருமே அக்காலத்து அபேட்சகரின் அடையாளம்.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் ஏறக்குறைய மூன்று கோடிப் பேருக்கு வோட்டுரிமை வந்தது. வந்தவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகப் பலர். பெயரைப் படித்து வோட்டுப் போட இயலாதவன் என்ன செய்வான்? இதற்குச் சென்னை மாகாணத்தில் கண்ட வழி நிறம். ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. வோட்டர் மறைவிடத்துக்குள் சென்று தமக்கு விருப்பமான நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். 1937 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் காங்கிரஸுக்கு வாய்த்தது மஞ்சள் பெட்டி.

மஞ்சள் பெட்டி என்ற இரண்டு சொற்கள் அன்று செய்த வேலையை இன்றைய விளம்பர நிபுணர்கள் கேட்டால் பொறாமைப்படுவர். சேலத்திலும், இராசிபுரத்திலும், ஆற்றங்கரை ஊர்களிலும் மஞ்சள் என்பது ஒரு நிறத்தின் பெயர் மட்டும் அன்று. பெண்கள் நாள்தோறும் குளிக்கும்போது பூசிக்கொள்வது அது. தாலிக்கயிற்றுக்கு நிறம் தருவது அது. காப்புக் கட்டுவதும், புதுத் துணியின் ஓரத்தில் பொட்டிடுவதும் அதனாலேதான். நன்மைக்கு முன்னடையாளமாக ஆயிரம் ஆண்டுகள் வீட்டில் இருந்துவந்த ஒரு பொருளைத் தேர்தல் அதிகாரி ஒரு கட்சியின் பெட்டிக்கு நிறமாகத் தந்துவிட்டார். எதிர்த்து நின்றவர்கள் பாவம், வேறு என்ன நிறத்தை எடுத்துக்கொண்டு போட்டியிடுவது? சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. அவ்வெற்றி மஞ்சளால் வந்தது என்று சொன்னால் வரலாற்றாசிரியர்கள் நகைப்பார்கள். காந்தியடிகளின் பெயரும், உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவும், சத்தியமூர்த்தி போன்றாரின் பிரசாரமும் அதற்குக் காரணங்கள். ஆனால் அந்தக் காரணங்களையெல்லாம் எழுத்தறியாத ஒருவன் தன் கையால் ஒரு பெட்டிக்குள் சேர்ப்பதற்கு மஞ்சள் வழிகாட்டியது என்பதில் ஐயமில்லை.

அத்தேர்தலில் சுப்பராயன் காங்கிரஸ் பக்கம் நின்று வென்று, இராஜாஜியின் மந்திரிசபையில் இடம் பெற்றார். இராஜாஜியோ எங்கள் மாவட்டத்துக்கு அயலார் அல்லர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கை முதன்முதலாக அவர் நடைமுறைப்படுத்தியது 1937 அக்டோபர் 1-ஆம் நாள், சேலம் மாவட்டத்தில்.

உடையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் இப்பகுதியின் கதர்த் தொழிலுக்குத் தாய்வீடு. கதர் அணிந்தவர் ஊருக்குள் வந்தால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்பது தெரிந்துவிடும். துணியே துண்டறிக்கையாக இருந்த காலம் அது. அந்த ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர் யார் என்று மாணவர்களைக் கேட்டால் ஒருவனும் சரியாகச் சொன்னதில்லை. திறந்து வைத்தவர் ஈ. வெ. இராமசாமிப் பெரியார். அன்று அவர் காங்கிரஸில் இருந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர்.

அதே பெரியார் 19 ஆண்டுகள் கழித்துச் சேலத்துக்கு வேறொரு காரியமாக வந்தார். 1944 ஆகஸ்டு 27-ஆம் நாள் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டை நம் நாட்டு அரசியல் வரலாறு அறிந்தோர் அனைவரும் அறிவர். அண்ணாதுரை தீர்மானம் என்று பெயர் பெற்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. பிரிட்டிஷ் அரசாங்கம் தந்த ராவ் பகதூர், திவான் பகதூர் முதலிய பட்டங்களைக் கட்சியினர் துறக்கவேண்டும். கௌரவப் பதவிகளை விடவேண்டும். கட்சியின் பெயர் இனித் திராவிடர் கழகம். இதைக் கொள்கை மாற்றம் என்றே நூல்கள் எழுதுகின்றன. அது சரியே. ஆனால் அதனுள் ஓர் அடையாள மாற்றமும் அடங்கியிருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். நீதிக்கட்சியின் கொடியில் இருந்தது தராசு. வழக்கறிஞர்களும் கனவான்களும் கண்டுபிடித்த சின்னம் அது. நீதிமன்றத்து நடுநிலையைக் குறிப்பது. எங்கள் பக்கத்துக் குடியானவனுக்கோ தராசு என்றால் சந்தை. நிலக்கடலை மூட்டையைக் கொண்டுபோய் நிறுக்க விட்டுவிட்டு, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவலையோடு பார்த்து நிற்பவன் அவன். தராசைக் கண்டு நம்பிக்கை கொள்வதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

தராசு போயிற்று. ஓரிரு ஆண்டுகளில் கறுப்பின் நடுவே சிவப்பு வட்டம் கொண்ட கொடி வந்தது. கறுப்பு மக்களின் இழிநிலை. சிவப்பு அதைப் போக்கும் எழுச்சி என்று பொருள் கூறினர். தொண்டர்கள் கறுப்புச் சட்டை அணிந்தனர். துக்கத்துக்கும் அமங்கலத்துக்கும் உரியதென்று வீடுகள் ஒதுக்கிவைத்த நிறத்தை வேண்டுமென்றே எடுத்து உடுத்தினார்கள். 1937-இன் மஞ்சள் வீட்டின் நம்பிக்கையோடு இசைந்து சென்றது. 1946-இன் கறுப்பு அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டது. ஒன்று வோட்டுக் கேட்கும் நிறம், மற்றது வாதுக்கு அழைக்கும் நிறம். கழகம் தேர்தலில் நிற்பதில்லை என்ற முடிவோடு இருந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1948-இல் அரசாங்கம் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. ஒரு சட்டையின் நிறத்துக்கு அரசாங்கம் அஞ்சியது என்றால் அந்நிறம் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதே பொருள். 1949 செப்டம்பரில் பிரிந்து பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் அதே இரு நிறங்களையும் எடுத்துக்கொண்டு, மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்று கொடி அமைத்தது.

இனி, சுதந்திர நாட்டின் முதற் பொதுத்தேர்தலுக்கு வருவோம். 1951-52-இல் நடந்த அத்தேர்தலில் 17 கோடியே 60 லட்சம் பேர் வாக்காளர்கள். அவர்களுள் நூற்றுக்கு 85 பேர் எழுத்தறியாதவர்கள். இத்தனை பேருக்கு நிறப் பெட்டி போதாது. ஆகவே ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு படம் தரப்பட்டது. ஏறக்குறைய 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டு, வேட்பாளருக்கு ஒரு பெட்டி வீதம் சாவடியில் வைக்கப்பட்டு, அவற்றின்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. சின்னங்களைத் தேர்ந்த முறையில் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் மிகுந்த எச்சரிக்கை காட்டினார். எவர் பார்த்தாலும் தெரிந்துகொள்ளக்கூடிய பொருளாக இருக்கவேண்டும்; சமய உணர்ச்சியைத் தூண்டுவதாக இருத்தல் ஆகாது. கலப்பையைப் பல கட்சிகள் விரும்பின. ஆகையால் அது எவருக்கும் கிடைக்கவில்லை. காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை வந்தது. உதயசூரியன் அன்று வடநாட்டு இராம ராஜ்ய பரிஷத்தின் சின்னம் என்பதும், கை அன்று பார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்கு உரியதாக இருந்தது என்பதும் இக்காலத்தவர்க்கு வியப்பூட்டும். சின்னம் எந்தக் கட்சிக்கும் கூடப்பிறந்ததன்று. ஆணையம் இரவல் தருவது.

அமெரிக்காவிலும் கட்சிகளுக்கு மிருகச் சின்னங்கள் உண்டு. அவை பிறந்த விதமே வேறு. தாமஸ் நாஸ்டு என்ற கேலிச்சித்திரக்காரர் 1870-இல் ஒரு கழுதையையும், 1874-இல் ஒரு யானையையும் ஏளனமாக வரைந்தார். ஏளனத்தையே கட்சிகள் பின்னர் பெருமையாக ஏற்றுக்கொண்டன. அங்கே படம் ஒரு வேடிக்கை. இங்கே, படிக்கத் தெரியாத ஒருவன் தன் உரிமையைத் தவறாமல் செலுத்துவதற்கு அதுவே துணை.

சேலம் மாவட்டத்தின் மானாவாரிக் காட்டிலும் கிணற்றுப் பாசனத் தோட்டத்திலும் இரட்டை மாடு என்பது என்ன என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டும், ஏனெனில் கவலை இறைப்பதைக் கண்டவர் இன்று அருகிவிட்டனர். மின்சார மோட்டார் வருமுன், கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இரண்டு மாடுகள் இறங்கி நடந்து வடக்கயிற்றை இழுக்கும். தோல்வாய் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி மேடேறும். விடியலுக்கு முன்பிருந்து இதே நடை. ஒரு குடும்பம் உண்பதும் உடுப்பதும் அவ்விரண்டு மாடுகளின் கால்களில் இருந்தது. அந்தப் படத்தை வாக்குப் பெட்டியின்மேல் கண்ட குடியானவனுக்குக் கட்சியின் கொள்கை அறிக்கை எதற்கு? சில இடங்களில் மக்கள் பெட்டியைக் கும்பிட்டார்கள் என்றும், எண்ணுகையில் பெட்டிகளுள் நாணயமும், விண்ணப்பச் சீட்டும், சினிமா நடிகர் படமும் கிடந்தன என்றும் அக்காலத்துத் தேர்தல் அறிக்கை கூறுகிறது. நகைக்கத் தோன்றும். ஆனால் வேண்டுதலுக்கு உண்டியலை அறிந்திருந்த மக்களுக்கு, ஆட்சியை மாற்றும் பெட்டி ஒன்று உண்டு என்பது புதிய பாடமல்லவா?

1957-இலும் இதே பெட்டி முறை. அத்தேர்தலில் முதன்முறையாக நின்ற தி.மு.கழகம் அங்கீகாரம் பெற்றிராத கட்சி. அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றார்கள். பலருக்கு உதயசூரியன் கிடைத்தது. 15 இடங்களில் வென்ற பின்னர், 1958-இல் அங்கீகாரமும் சூரியனும் உறுதியாயின. 1962-இல் பெட்டி முறை போய், சீட்டிலேயே பெயரும் சின்னமும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. இம்மாற்றத்தைச் சிறியதென்று எண்ணலாகாது. பெட்டிமேல் பெரிதாக இருந்த படம் சீட்டில் கட்டைவிரல் அளவுக்குக் குறுகிற்று. பல படங்கள் ஒரே தாளில் நெருங்கி நின்றன. ஆகவே படம் முன்கூட்டியே மனத்தில் பதிந்திருக்கவேண்டியதாயிற்று. சுவர்களுக்கு வேலை வந்தது.

சுவரெழுத்தைப் பற்றி நான் நேரிற் கண்டதைச் சொல்கிறேன். எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் இராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே உள்ள சிற்றூர். சுண்ணாம்பு அடித்த சுவரில் நீலத்தையும் காவியையும் கரைத்துக்கொண்டு ஒருவர் சின்னம் எழுதுவார். சிறுவர்கள் சுற்றி நிற்போம். சூரியன் எழுதுவது எளிது. தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துத் துணியால் ஒற்றினால் இரண்டு மலை, அரை வட்டம், கதிர்கள் என்று ஒரு நொடியில் முடிந்தது. காளை எழுதுவதோ பெரும்பாடு. எட்டுக் கால்கள், நான்கு கொம்புகள், நுகம், திமில் எல்லாம் வேண்டும். அவர் எழுதிய காளைகளுள் ஒன்று எப்போதும் கழுதைச் சாயலாகவே அமைந்துவிடும். அமெரிக்கச் சின்னம் எங்கள் ஊர்ச் சுவரில் இவ்வாறு இடம்பெற்றதை அக்காலத்தில் எவரும் கண்டுகொள்ளவில்லை.

1967 பிப்ரவரித் தேர்தலுக்கு முந்திய மாதம் தை. பொங்கலுக்கு வாசலில் போடும் கோலத்தில் பானை இருக்கும், கரும்பு இருக்கும், மேலே கதிர்வீசும் சூரியன் இருக்கும். அது எத்தனை காலத்துக் கோலமோ, எந்தக் கட்சியும் சொல்லித்தந்ததன்று. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்து மக்களுக்கு இன்னொன்றும் உண்டு. அவர்களுடைய சூரியன் நாள்தோறும் கொல்லிமலைக்குப் பின்னாலிருந்தே எழுகிறது. இரண்டு மலைகளுக்கிடையே எழும் கதிரை அவர்கள் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. கட்சி அப்படத்துக்குச் சொன்ன பொருள் விடியல், மறுமலர்ச்சி என்பன. வீடு சொன்ன பொருள் பொங்கல். எனக்கு நெடுநாளாகத் தோன்றிவரும் கருத்து இதுவே: கட்சி ஒரு படத்துக்கு ஒரு பொருள் சொல்லும், வீடு வேறொன்று சொல்லும், நெஞ்சில் நிற்பது வீடு சொன்னதுதான்.

சினிமா இதற்குத் துணை செய்ததைத் தனியே விரிக்கவேண்டியதில்லை. ஏற்காடு அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' 1950-இல் வந்தது, வசனம் மு. கருணாநிதி, கதாநாயகர் எம். ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் முதலமைச்சரான இருவரும் சேலத்து மண்ணில் ஒரே படத்துக்கு உழைத்தவர்கள். 1957-இல் 'சக்கரவர்த்தித் திருமகள்' படத்தில் எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயசூரியன். 1967 ஜனவரி 12-ஆம் நாள் அவர் சுடப்பட்டபின், கழுத்தில் கட்டோடு கைகூப்பிய அவரது படம் ஊரூராகச் சுவரொட்டியாக வந்தது. அந்தத் தேர்தலில் அதைவிடப் பேசிய படம் வேறில்லை. இராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு நட்சத்திரச் சின்னம். சூரியனும் நட்சத்திரமும் ஒரே வானத்தில் தோன்றிய அதிசயமும் அவ்வாண்டில்தான் நடந்தது.

இங்கே என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கையெழுத்து அறியாதவர். 1952 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் வோட்டுப் போட்டவர். இரட்டை மாட்டுக்குப் போட்டவர் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. 1969-இல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. இரட்டைக் காளை எங்களுக்கே என்று இரு பிரிவாரும் வழக்காடியதில், அது எவருக்கும் இல்லை என்றாயிற்று. 1971 மார்ச்சில் இந்திரா காந்தியின் பிரிவுக்குப் பசுவும் கன்றும், காமராஜர் இருந்த பிரிவுக்கு இராட்டை நூற்கும் பெண். என் தந்தையார் முதல்நாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் துண்டறிக்கையைக் காட்டி அப்பத்தாவுக்கு விளக்கினார். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாவடிக்கு அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்றவன் நான். அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில் புளியமரத்தடியில் நின்று, "என்ர மாட்டைக் காணோம் கண்ணு" என்றார். பிறகு எதில் குத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. குத்தினாரா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்சி இருந்தது, தலைவர்கள் இருந்தார்கள், கொள்கையும் ஒருவாறு இருந்தது. போனது ஒரு படம். அவருக்கோ அன்று போனது வோட்டே.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, கறுப்பு சிவப்பின் நடுவில் அண்ணாவின் உருவத்தை வைத்துக் கொடி அமைத்துக்கொண்டது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் பெற்ற சின்னம் இரட்டை இலை. அது என்ன இலை என்று எவரும் விளக்கவில்லை, விளக்காததே நல்லதாயிற்று. பரமத்தி வேலூர்க் கொடிக்கால் பக்கத்தில் அதை வெற்றிலை என்றே மக்கள் கண்டார்கள். நிச்சயதார்த்தத்துக்கும், விருந்தின் முடிவுக்கும், யாரையும் அழைப்பதற்கும் வெற்றிலை வைக்கும் ஊர்களில் அந்தப் படத்துக்கு வேறு பொருள் தேடவேண்டுமா? சுவரில் எழுத இரண்டு கோடு போதும். கையால் காட்ட இரண்டு விரல் போதும்.

ஆனால் நான் மேலே சொன்ன கருத்துக்கு ஒரு சோதனையும் இங்கேதான் வந்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபின் அக்கட்சி பிளவுண்டு, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி 21-ஆம் நாள் நடந்த தேர்தலில் ஜெயலலிதா பிரிவுக்குச் சேவல், ஜானகி அம்மையார் பிரிவுக்கு இரட்டைப் புறா. சேவல் முருகன் கொடியில் இருப்பது, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வளர்வது. புறாவோ கோயில் கோபுரத்தில் இருக்கும், வீட்டில் அரிது. சேவல் 27 இடங்களைப் பிடித்தது. புறாவின் கணக்கு மிகச் சில. சேவல் வென்ற தொகுதிகளுள் எங்கள் மாவட்டத்து எடப்பாடியும் ஒன்று. அன்று அங்கே சேவலில் நின்று வென்றவர் 2017-இல் முதலமைச்சரான எடப்பாடி கே. பழனிசாமி. படத்தினால் சேவல் வென்றது என்று வாதிக்க எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை வேறு. எம்.ஜி.ஆருக்குப்பின் யார் என்ற கேள்விக்கு மக்கள் தாமே விடை கண்டு, பிறகு அந்த விடைக்கு என்ன படம் தந்திருக்கிறார்கள் என்று கேட்டறிந்துகொண்டார்கள். என் அப்பத்தாவின் காலத்துக்கும் அதற்கும் இடையில் 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

அப்படிக் கேட்டறியாதவர்களும் இருந்தார்கள். அத்தேர்தலில் எடப்பாடிப் பக்கத்து ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்குப் பணி. முதிய அம்மையார் ஒருவர் சீட்டை விரித்துப் பிடித்தபடி மறைவிலிருந்து வெளியே வந்து, "எலை எங்கீங்க வாத்தியாரய்யா?" என்று கேட்டார். முகவர்கள் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். சின்னத்தைச் சுட்டிக்காட்டவோ, இல்லை என்று விளக்கவோ எனக்கு அதிகாரமில்லை. "தாளில் இருக்கிறதில் பார்த்துக் குத்துங்க அம்மா" என்றேன். விதிப்படி சரியான விடை. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு புளியமரத்தடியில் கண்டிருக்கிறேன்.

பின்வந்த காலத்துக் கதைகள் பல; இரண்டொன்று சொல்லி நிறுத்துகிறேன். 1991-இல் பாட்டாளி மக்கள் கட்சிக்கு யானைச் சின்னம். அதன் ஒரே உறுப்பினராக வென்ற பண்ருட்டி ச. இராமச்சந்திரன் யானைமீதேறியே சட்டமன்றத்துக்கு வந்தார். பின்னர் அக்கட்சிக்கு மாம்பழம் வாய்த்தது. மாங்கனி நகரான சேலத்தில் அதற்கு விளம்பரம் எதற்கு என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம். 1996-இல் காவிரிக்கு அக்கரையில், ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் வேட்பாளர்களாக நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் குறைகளை அரசு கேட்கவேண்டும் என்று நின்ற உழவர்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று, தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் படம் வேண்டுமென்றால் உலகத்துப் பொருள்களே போதா என்பது அன்று தெரிந்தது. அண்மையில், 2019-இலும் 2024-இலும், நாமக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார்கள். கட்சி ஒன்று, படம் இன்னொருவருடையது. மக்கள் இதில் குழம்பவில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர். படிக்கத் தெரியாதவர்க்கென்று வந்த படம் இனி விடைபெறலாமே என்று தோன்றலாம். நடந்தது வேறு. 2015 முதல் வாக்குப்பதிவுப் பொறியில் வேட்பாளரின் புகைப்படமும் சேர்ந்தது. எவருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்பவர்க்கும் அதே ஆண்டில் ஒரு சின்னம் வரைந்து தரப்பட்டது. வேண்டாம் என்பதற்கும் ஒரு படம் வேண்டியதாயிற்று.

நான் கடைசியாகத் தேர்தல் பணி பார்த்தது 2016-இல், இராசிபுரத்துக்கு அருகே. பிற்பகல் வெயிலில் கூட்டம் நின்றது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் மைவைத்த விரலோடு அட்டை மறைவுக்குள் சென்றார். நேரம் ஆயிற்று, ஒலி கேட்கவில்லை. பொறி பழுதோ என்று எழுந்தேன். அப்போது மறைவுக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. அவர் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். முதல் பெயரை எழுத்துக்கூட்டி முடித்து, இரண்டாவதற்கு வந்து, ஓரிடத்தில் தவறிவிட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து. வரிசையில் நின்ற இளைஞன் ஒருவன், "பெரியம்மா, படத்தைப் பார்த்து அமுக்குங்க" என்றான். "இரு சாமி. அறிவொளியிலே படிச்சது, மறந்துபோச்சான்னு பார்க்கறேன்" என்று உள்ளிருந்து விடை வந்தது. அறிவொளி வகுப்புகள் நடந்தது தொண்ணூறுகளில். முகவர்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பெயர்வரை படித்து முடித்தபின்தான் பொறி ஒலித்தது.